மிசியின் வேலி

காலையில் எங்கள் ஒழுங்கைக்குள் மிசியின் சைக்கிளுக்குப் பின்னால் மாட்டுப்பட்டால், அன்றைய நாள் போச்சு. ஒழுங்கை ஒரு லான்ட்மாஸ்டர், அதுதான் இரண்டு சில்லு உழவு மெசின், போகிற அகலம்தான். அதன் நட்டநடுவே வெள்ளை உடுப்பும், ஹாண்டிலில் தொங்குகிற தோல்பையுமாக மிசி போய்க்கொண்டிருப்பார். போகிறார் என்று சொல்வதே அதிகம். சைக்கிள் விழாமல் நிற்பதற்கு எவ்வளவு அசைவு வேண்டுமோ அவ்வளவுதான் அசைவார். பின்னால் நான் லான்ட்மாஸ்டர் நிறையக் கல்லை ஏற்றிக்கொண்டு ஹோர்ன் அடித்துத் தொலைப்பேன். திரும்பிப் பார்க்கமாட்டார். இடக்கை மட்டும் மெல்ல எழும்பும்.

"ஆறுதலா தம்பி, ஆறுதலா."

வெளியூர்க்காரருக்கு இதைச் சொல்லத்தான் வேண்டும். மற்ற இடங்களில் ஆறுதல் என்பது செத்தவீட்டில் சொல்வது. எங்கள் பக்கத்தில் அது நடை வேகத்துக்கும் பெயர். ஆறுதலாக வா என்றால் மெல்ல வா, அவசரம் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அதற்கு எதிர்ச்சொல் கெதி. கெதியா வா, கெதியா முடி, கெதியா எடு. நான் பிறந்ததிலிருந்து கெதிக்காரன். என் மனுசி சொல்வாள், நான் சோறு தின்கிறதைப் பார்த்தால் ஆரோ பறிக்க வருகிறமாதிரி இருக்குமாம்.

மிசி எங்கள் சண்டிலிப்பாய்ப் பகுதிக்குக் குடும்பநல மாது. அது அரசாங்கம் வைத்த பெயர். கர்ப்பிணிகளின் வீடு வீடாகப் போய்ப் பார்ப்பதும், பிறந்த பிள்ளைகளை நிறுப்பதும், ஊசிக்கு வராத தாய்மாரைத் தேடிப் பிடிப்பதும் வேலை. ஊருக்கு அவர் மிசி. சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும் இருந்தது. ஐம்பதைத் தாண்டியவர், புருசன் இல்லை, ஒரே மகள் அவுஸ்திரேலியாவில். என் வீட்டு வளவுக்கு அடுத்த வளவு அவருடையது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலி. என் கதை முழுக்க அந்த வேலியில்தான் கிடக்கிறது.

நான் சீமெந்துக் கல்லை அச்சில் போட்டு அரிகிறவன், மதில் கட்டுகிறவன். வெளிநாட்டிலிருந்து காசு வந்தால் எங்கள் ஊரில் முதலில் எழும்புவது மதில். வீட்டுக்கு ஓடு மாற்றமாட்டார்கள், மதில் கட்டுவார்கள். மானிப்பாய் வரைக்கும் நீங்கள் பார்க்கிற நல்ல மதில்களில் பாதி என் கை. அப்பேர்ப்பட்டவனின் வீட்டுக்கு மூன்று பக்கம் மதில், நாலாம் பக்கம், நட்ட தடியே முளைத்து மரமாகிற கிளுவங்கதியால் வேலி! கிளுவையும் பூவரசும் முள்முருக்கும் நெருங்கி வளர்ந்து, அதற்கு மேல் கோவைக்கொடியும் மொசுமொசுக்கையும் ஏறி, பகலிலேயே உள்ளுக்கு இருட்டு. தேத்தண்ணிக் கடையில் கேட்பார்கள்: "என்ன மேசன், ஊருக்கெல்லாம் மதில், உனக்கு மட்டும் ஆடு கட்டுற வேலியோ?" எனக்கு உள்ளங்காலிலிருந்து ஏறும்.

என்ன செய்கிறது? அந்த வேலி காணி உறுதியின்படி மிசியுடையது. எங்கள் ஊரில் இரண்டு வளவுக்கு நடுவிலிருக்கிற வேலி எப்போதும் ஒருவருக்குத்தான் சொந்தம். மற்றவன் அதில் ஒரு கதியாலை அசைத்தாலும் கோடு கச்சேரி என்று வழக்குத்தான். நான் வருசத்துக்கு நாலு தரம் போய்க் கேட்பேன்.

"மிசி, என்ரை செலவிலை கட்டித்தாறன். உங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை."

"ஓம் தம்பி, பாப்பம்."

பாப்பம் என்றால் இல்லை என்று அர்த்தமில்லை, ஓம் என்றும் அர்த்தமில்லை. சண்டை பிடிக்கவும் முடியாது. பாப்பம் என்று சொல்கிற ஆளோடு என்னத்தைச் சண்டை பிடிக்கிறது?

அவருடைய ஆறுதல் சோம்பல் இல்லை என்று எனக்கு முதலில் காட்டினவள் என் மனுசி. மூத்தவள் வயிற்றில் ஏழு மாதம். மிசி வந்து கைப்பட்டியைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். இருந்து கதைத்தார். திரும்பவும் பார்த்தார். மனுசியின் காலை மடியில் தூக்கி வைத்து, பெருவிரலால் அமத்தி, அந்தக் குழி எவ்வளவு நேரத்தில் நிரம்புகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்குச் சீமெந்து குழைத்தபடி கிடக்கிறது. "மிசி, முடிஞ்சுதோ?" என்றேன். மூன்றாம் தரமும் அழுத்தம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உடுப்பை எடும் பிள்ளை. இப்பவே பெரியாஸ்பத்திரிக்குப் போகவேணும்."

நான் பதறிப்போய் ஓட்டோவைப் பிடித்து ஏற்றினேன். கூடவே ஏறின மிசி, மனுசியின் முதுகைத் தடவி "ஆறுதலா பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அப்போதும் ஓட்டோக்காரனின் தோளில் தட்டி, "ஆறுதலா ஓட்டும்" என்றார். அங்கே டொக்டர், இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்றார். என் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். அந்தக் குழி நிரம்பும்வரை பார்த்திருந்த ஒரு மனுசியால்தான் போகிறாள்.

இவ்வளவு இருந்தும் நான் திருந்தினேனோ? இல்லை. மகள் நடக்கத் தொடங்கிய காலத்தில் ஒருநாள் திரும்பவும் மதில் கேட்டு, திரும்பவும் பாப்பம் வாங்கிக்கொண்டு வந்து, கிணற்றடியில் நின்று மனுசியிடம் கத்தினேன்: "உந்தக் கண்டறியாத தேவாங்கு உயிரோடை இருக்குமட்டும் இந்த வேலி போகாது!" மெலிந்த ஆளையும் மந்தமான ஆளையும் தேவாங்கு என்று பேசுவது எங்கள் வழக்கம். மிசி இரண்டுக்கும் பொருத்தம். ஆனால் வேலிக்கு அந்தப் பக்கம் அவர் நிற்கிறார் என்பதை நான் யோசிக்கவில்லை.

அன்று பின்னேரம் வேலியில் இருந்த பொட்டடியில் அவருடைய குரல் கேட்டது. பொட்டு என்பது நெற்றியில் வைப்பதில்லை. அடுத்தடுத்த வீட்டார் குனிந்து போய்வர வேலியில் விடுகிற ஓட்டை.

"தம்பி, என்னைத் தேவாங்கு எண்டு பேசினீர் என்ன?"

"இல்லை மிசி... அது... சும்மா கோபத்திலை..."

"இல்லை, நல்லதுதான். பொழுதுபடட்டும், இங்காலை வாரும். என்ரை சொந்தக்காரரைக் காட்டுறன்."

போனேன். போகாமல் இருக்க முடியுமோ? வேலிக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு இருத்தினார். டோர்ச்சில் சிவப்புப் பேப்பர் கட்டியிருந்தார், வெள்ளை வெளிச்சம் தேவாங்கின் கண்ணுக்குக் கூடாதாம். கொஞ்சநேரத்தில் நான் எழும்பப் பார்த்தேன். "இரும்" என்றார். பிறகும் எழும்பப் பார்த்தேன். "அந்தரப்படாதையும்" என்றார். கொடிக்குள் இரண்டு கண் மினுங்கியது.

பூனைக்குட்டியிலும் சின்னது. கையும் காலும் குச்சி. வாலே இல்லை. முகம் முழுக்கக் கண். ஒரு கொப்பைப் பிடித்திருந்த கையை அது விடுவதற்குள் நான் ஒரு சுருட்டுப் பத்தியிருப்பேன். ஒரு கை விடுகிறது, அடுத்த கொப்பைப் பிடிக்கிறது, பிடித்தது திடமோ என்று பார்க்கிறது, பிறகுதான் மற்றக் கை. கொப்பு அசையவில்லை, இலை அசையவில்லை. அப்படியே போய் ஒரு வெட்டுக்கிளியை இரண்டு கையாலும் டப்பென்று பிடித்து, தலையிலிருந்து தின்னத் தொடங்கியது.

"தேவாங்கு வன்னிக் காட்டிலையெல்லோ இருக்கிறது?" என்றேன்.

"நாங்களும் இடம்பெயர்ந்து வன்னிக்குப் போய்த் திரும்பி வந்தனாங்கள்தானே. விறகு லொறியிலை வந்துதோ, முந்தியே இருந்துதோ, என்ரை பதிவிலை இல்லை. இப்ப இங்கைதான் குடும்பம்."

பிறகு கிளினிக்கில் ஒரு தாயைப் பற்றிச் சொல்வதுபோல அதைப் பற்றிச் சொன்னார். பகலில் முள்ளும் கொடியும் நெருங்கின இடத்தில் பந்தாகச் சுருண்டு படுக்கும். பொழுதுபட்டால் எறும்பு, கரப்பான், பல்லி. தன் மூத்திரத்தில் கையைக் கழுவிக்கொள்ளும். "சீ!" என்றேன். "நாங்கள் டெட்டோலிலை கழுவுறம், அது அதின்ரை முறை" என்றார். ஆனால் பாயத் தெரியாது. அணிலைப்போலவோ குரங்கைப்போலவோ ஒரு மரத்திலிருந்து மற்ற மரத்துக்குத் தாவாது. கொப்பும் கொப்பும் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்குப் பாதை. நிலத்தில் இறங்கினால் நாய்க்கும் பூனைக்கும் சாப்பாடு. எங்கள் ஊரில் காடு எங்கே? வேலிதான் காடு. கோயில் காணியின் இலுப்பையிலிருந்து ஆட்களின் வேலிவேலியாகப் பிடித்துத்தான் அது சீவிக்கிறது.

"கண்ணுக்கு மருந்து எண்டும் வசியத்துக்கு எண்டும் முந்திச் சனம் பிடிச்சுச் சாகடிச்சது. இப்ப அப்பிடி ஆரும் வாறேல்லை. இப்ப வேறை வருத்தம்" என்று சொல்லி உள்ளே போய் ஒரு வரைபடத்தைக் கொண்டு வந்தார். கர்ப்பிணி வீடுகளைக் குறிக்க அவரே கீறிய ஊர்ப் படம். அதில் வேலிகளுக்குப் பச்சைக் கோடு போட்டிருந்தார். இடையிடையே சிவப்பு. பச்சை வந்துகொண்டிருக்கும், சிவப்பில் முட்டி நிற்கும்.

"உந்தச் சிவப்பு என்னெண்டு தெரியுதோ?"

பார்த்தேன். முதலாவது சிவப்பு தபால்கந்தோருக்குப் பின்னால் நான் கட்டியது. இரண்டாவது கனடாக்காரர் வீடு. "ஓம், இது என்ரை வேலை! இதுவும் என்ரை!" என்று விரல் வைத்துப் பெருமையாகச் சொல்லிக்கொண்டே போனேன். ஏழெட்டுக்குப் பிறகுதான் என்ன சொல்கிறேன் என்று எனக்கே விளங்கியது. மிசி படத்தை ஆறுதலாகச் சுருட்டினார்.

அதற்குப் பிறகு நான் மதில் கட்டுவதை விட்டேன் என்று நினைக்கவேண்டாம். கட்டினேன். அதுதானே என் தொழில். என் வேலியைப் பற்றி மட்டும் கேட்பதை நிறுத்தினேன். ஒரு நாள் பொட்டுக்குள்ளால் தலையை நீட்டி, "தம்பி, எங்கடை ஆளுக்கு ரெட்டைப் பிள்ளை" என்றார். ஊரில் ஆருக்கு என்று யோசித்தேன். பிறகுதான் விளங்கியது.

அந்தக் கிழமைதான் சுவிசில் குடியிருக்கிற எங்கள் ஊர் ஆள், சுவிஸ்காரர், வந்தார். எங்கள் இரண்டு வளவுக்கும் பின்னால் இருந்த பற்றைக் காணி அவருடையது. மிசியின் வேலி தெற்கே போய் அந்தக் காணியின் பூவரசில் தொடும். அதற்கு அப்பால் கோயில் காணி. மிசியின் படத்தில் சிவப்பு விழாமல் மிச்சமிருந்த ஒரே பாதை அதுதான். சுவிஸ்காரருக்குச் சுற்றிவர மதில் வேண்டும், மேலே உடைந்த போத்தல் ஓடு பதிக்கவேண்டும், அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை விமானம் ஏற முதல் முடிக்கவேண்டும். எனக்கு வந்ததிலேயே பெரிய வேலை. ஓம் என்று சொல்லிவிட்டுத்தான் மிசியின் முகம் ஞாபகம் வந்தது.

அவரே வந்தார். "தம்பி, உம்மடை தொழிலை நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை. என்ரை வேலி தொடுற அந்த மூலையை மட்டும் மூண்டு கிழமைக்கு விடும். அதுக்குள்ளை பிள்ளையளைக் கொண்டு கோயில் காணிக்குப் போயிடும். இந்த ஒரு வேலியிலை மூண்டு உயிருக்குச் சாப்பாடு காணாது."

"மிசி, வெள்ளிக்கிழமை அந்தாள் போகுது. தேவாங்குக்காக வேலை நிக்குது எண்டு நான் அவரிட்டை என்னெண்டு சொல்லுறது? சிரிக்கமாட்டாரோ?"

"சரி" என்றார். பாப்பம் என்றுகூடச் சொல்லவில்லை. அந்தச் சரி எனக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. குத்தினபடியே பற்றையை வெட்டினேன். எல்லைப் பூவரசுகளைத் தறித்தேன். வேலி முனைக்கும், கோயில் இலுப்பையைத் தொட்டுக்கொண்டு உள்ளே மிஞ்சின பூவரசுக்கும் நடுவில் பன்னிரண்டு அடி வெறும் வெளி. அன்று தொடக்கம் ஒவ்வொரு பின்னேரமும் வேலை முடிந்து வந்து, மிசி தன் வளவு மூலையில் ஸ்டூலைப் போட்டு இருந்தார். வேலி முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை. மூலை மட்டும்தான் மிச்சம். பொழுது மைமலாகி இருட்டத் தொடங்கிவிட்டது. என்னோடு வேலை செய்கிற இரண்டு பேரையும், "கெதியாக் குழையுங்கோடா" என்று விரட்டிக்கொண்டிருந்தேன். ஒருவன் கையைக் காட்டினான்.

வேலி முனையில் அது நின்றது. வயிற்றில் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. பின்னங்கால் இரண்டாலும் கடைசிக் கிளுவையைப் பிடித்துக்கொண்டு, உடம்பை நீட்டி, முன்னங்கையைக் காற்றில் நீட்டியது. பற்றை வெட்டும்வரைக்கும் அங்கே ஒரு கொப்பு இருந்தது. அது கொப்பைத் தேடியது. கையைத் திறந்து மூடியது. பின்வாங்கிப் போய், திரும்பி வந்து, திரும்பவும் அதே இடத்தில் கையை நீட்டியது. கீழே வெட்டிக் குவித்த பற்றைக்குள் குட்டி போட்டிருந்த பெட்டைநாய் எழும்பி மேலே பார்த்தது. என் கையால் தறித்த கொப்பு. ஐயோ என்று ஆகிவிட்டது எனக்கு.

மிசி எழும்பினார். மெல்லப் போய் மாங்காய் பிடுங்குகிற கொக்கத்தடியை எடுத்து வந்தார். ஒரு முனையை வேலிக் கொப்பின் கவட்டில் வைத்து, மற்ற முனையைத் தலைக்கு மேலே தூக்கி, பூவரசங்கொப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். வேலிப்பக்கத்து முனை வழுக்கியது. நான் சீமெந்துக் கரண்டியைப் போட்டுவிட்டுப் போய் அந்த முனையைப் பிடித்தேன். நாயை ஒருவன் கூப்பிட்டுக்கொண்டு போனான்.

என் முகத்துக்கும் அதற்கும் ஒரு முழம் இல்லை. அது என்னைப் பார்த்தது. நான் அதைப் பார்த்தேன். நுளம்பு கழுத்தில் இருந்து இரத்தம் குடிக்கிறது, அடிக்க முடியாது. கழற்றி மாட்டியிருந்த என் சேர்ட்டுப் பைக்குள் போன் அடித்தது. சுவிஸ்காரர்தான், வேறு யார்? மற்றவன் ஓடிப்போய் அமத்தினான். கை உளைந்து நடுங்கத் தொடங்கியது. மிசிக்கும் நடுங்கியது, தடியில் எனக்குத் தெரிந்தது. அவர் மட்டும் சின்னக் குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

"ஆறுதலா பிள்ளை... ஆறுதலா... அவசரம் இல்லை... நாங்கள் பிடிச்சிருக்கிறம்."

ஓட்டோவில் என் மனுசியின் முதுகைத் தடவிக்கொண்டு சொன்ன அதே குரல். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சொல்வதற்கு என்ன வெட்கம், கலங்கியது.

அது ஒரு கையைத் தடியில் வைத்தது. எடுத்தது. திரும்ப வைத்தது. பிறகு மற்றக் கை. தடியின் அடிப்பக்கம் தொங்கிக்கொண்டு, குட்டியும் தானுமாக, ஒவ்வொரு பிடியாக அந்தப் பன்னிரண்டு அடியைக் கடந்தது. மிசியின் விரலுக்குப் பக்கத்தால் பூவரசுக்குள் ஏறியது.

"அப்பாடா! போயிட்டுது மிசி. விடட்டோ?"

"விடாதையும்! இன்னும் முடியேல்லை. ரெட்டை."

மறந்தே போய்விட்டேன். மற்றது வேலிக்குள் இருக்கிறது. தாய் முதலாவதைக் கொப்பில் ஒட்டவைத்துவிட்டு, இதே வழியால் திரும்பி வந்து, அதைக் கூட்டிக்கொண்டு திரும்பவும் போகவேண்டும். எவ்வளவு நேரம் நின்றோம் என்று கேட்டால் தெரியாது. மணி பார்க்கக் கை இல்லை. ஒரு சைக்கிளுக்குப் பின்னால் ஐந்து நிமிசம் பொறுக்கமாட்டாதவன், ஒரு தடியின் முனையில் அசையாமல் நின்றேன். இரண்டாவது குட்டியும் போய்ச் சேர்ந்தபிறகு மிசி தடியை இறக்கிவிட்டு, என் கையைப் பிடித்துத் தேய்த்துவிட்டார். "நல்லாப் பொறுத்தீர்" என்றார். பிரசவம் முடிந்த தாய்மாருக்கும் அதைத்தான் சொல்வாராம்.

வெள்ளிக்கிழமை அந்த மூலையைக் கட்டி முடித்தேன். ஆனால் அதில் போத்தல் ஓடு பதிக்கவில்லை. மதிலுக்கு மேலால் கொக்கத்தடியை இழுத்துக் கட்டினேன். இரண்டு பக்கமும் பூவரசங்கதியால் நட்டேன். சுவிஸ்காரர் விமானம் ஏறுகிற அவசரத்திலும் வந்து பார்த்து, "என்ன கோதாரியப்பா உது?" என்று சத்தம் போட்டார். பிறகு எனக்கு அவர் வேலை தரவில்லை. மிசி தன் படத்தில் அந்தச் சிவப்புக்குக் குறுக்கே சின்னதாக ஒரு பச்சைக் கோடு போட்டுக் காட்டினார். அந்தக் கோட்டுக்காக நான் அடைந்த பெருமை, கட்டின எந்த மதிலுக்கும் அடையவில்லை.

மிசி பென்சன் எடுத்து அவுஸ்திரேலியாவில் மகளோடு போய் இருக்க முடிவெடுத்தபோது வீட்டை விற்றார். கொழும்பில் வேலை பார்க்கிற ஒரு பொடியன் வாங்கினான். போகிறதற்கு முதல் நாள் என்னைப் பொட்டடிக்குக் கூப்பிட்டு ஒரு கடதாசியைத் தந்தார். வளவை அவனுக்கு எழுதின மிசி, வேலியை மட்டும் பிரித்து என் பெயரில் எழுதியிருந்தார். உறுதி எழுதின நொத்தாரிசே சிரித்தாராம், வேலியைப் போய் ஆரம்மா எழுதிக் குடுக்கிறது என்று.

"ஏன் மிசி, என்னட்டை? நான் மதில் கட்டுறவன்."

"அதாலைதான். இந்த ஊரிலை ஆர் மதில் கட்டுறதெண்டாலும் உம்மட்டைத்தானே வருவினம்."

போய்விட்டார். இப்போது அங்கே எந்த நடைபாதையில் எத்தனை வெள்ளைக்காரர் அவருக்குப் பின்னால் மாட்டுப்பட்டு நிற்கிறார்களோ தெரியாது. நினைத்தால் சிரிப்பு வரும். பின்னேரத்தில் அந்த மூலைப்பக்கம் போனால், ஸ்டூல் கிடந்த இடத்தை வேலிக்குள்ளால் எட்டிப் பார்ப்பேன்.

போன மாதம் கொழும்புப் பொடியன் என் வீட்டு வாசலுக்கு வந்தான். கையில் அளவு நாடா.

"அண்ணை, இந்த வேலியை எடுத்துப்போட்டு ஒரு மதில் கட்டுவம். செலவு முழுக்க என்ரை. நீங்களே கட்டித்தாங்கோ. எப்ப தொடங்குறியள்?"

"பாப்பம் தம்பி."

"பாப்பம் எண்டா? நான் ஞாயிற்றுக்கிழமை திரும்பிப் போகவேணும் அண்ணை. கெதியாச் சொன்னாத்தானே..."

என் இடக்கை தானாக எழும்பியது.

"ஆறுதலா தம்பி, ஆறுதலா" என்றேன். குசினிக்குள் அடுப்படியில் என் மனுசி விழுந்து விழுந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.